ஒருவர் சொர்க்கம் என்கிறார், இன்னொருவர் காசு தண்டம் என்கிறார்: பெரிய கப்பலில் சுற்றுலா போகலாமா?

கீழக்கரைத் தம்பி ஒருவர் கேட்டது இது. துபாயில் வேலை பார்க்கிறார். டிசம்பர் விடுமுறையில் வாப்பா, உம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, சிங்கப்பூரில் கிளம்பும் பெரிய உல்லாசக் கப்பல் ஒன்றில் 4 இரவு போய்வர நினைக்கிறார். போய்வந்த மச்சான் ஒருவர், “சொர்க்கம், கண்ணை மூடிக்கிட்டு போ” என்கிறாராம். அதே கப்பலில் போன இன்னொரு சொந்தக்காரர், “காசைக் கொண்டுபோய்க் கடல்ல போட்ட கதைதான்” என்கிறாராம். “ரெண்டு பேரும் பொய் சொல்ற ஆள் இல்லை அண்ணே, எதை நம்புறது?” என்பது கேள்வி.

இரண்டு பேரையும் நம்பலாம் தம்பி. நான் பாம்பன்காரன். 11 வருடம் இப்படிப்பட்ட கப்பல்களில் கேபின் பணியாளாக இருந்தேன். எனக்கு 18 அறைகள். எதிரெதிரே இருக்கும் இரண்டு கதவுகளில் ஒன்றில் கை குலுக்கி அழாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள், மற்றதில் புகார்க் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். ஒரே கப்பல், ஒரே வாரம், ஒரே சாப்பாடு. இத்தனைக்கும் இரண்டு அறையையும் கூட்டிப் பெருக்கியவன் நான்தான்.

என் அப்பா அம்மா கதையையே சொல்கிறேன். நாலைந்து கான்ட்ராக்ட் முடித்த பிறகு, வேலை செய்கிறவனின் பெற்றோருக்குச் சலுகைக் கட்டணத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். அப்பா 40 வருடம் வத்தை, வல்லம் என்று மீன்பிடிப் படகுகளில் போனவர். ஆடிக் காற்றில் தென்கடலில் வலை இழுத்தவர். அவருக்கு இரண்டாம் நாள் ராத்திரி வாந்தி. ஜன்னல் இல்லாத அறை, ஏசி, மெத்தை, எல்லாம் இருந்தும் தலை தூக்க முடியவில்லை. வெளியே டெக்குக்குக் கூட்டிக்கொண்டு போய் அடிவானம் தெரிகிற இடத்தில் நிறுத்தினேன், பத்தே நிமிடத்தில் சரியாகிவிட்டது. சுற்றிலும் பார்த்துவிட்டு, “கடல் எங்கடா இருக்கு இதுல?” என்றார். நீச்சல் குளம், திரை, மேடை, கடைத்தெரு எல்லாம் தாண்டித்தான் கடல். அது கீழே, வெகு தூரத்தில், சத்தமே இல்லாமல். அம்மாவுக்கோ ஊருக்குத் திரும்பவே மனசில்லை. “கல்யாணம் ஆனதிலிருந்து நாலு நாள் சேர்ந்தாப்ல உலை வைக்காம இருந்தது இப்பத்தான்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். இன்றைக்கும் அந்தக் கப்பல் பேச்சு வந்தால் வீட்டில் இரண்டு கட்சி.

அப்பா கேட்டதில்தான் விஷயம் இருக்கிறது. இந்தப் பெரிய கப்பல்களை யாரும் கடலைக் காட்டுவதற்காகக் கட்டவில்லை. 2024 ஜனவரியில் மியாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பிய ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 365 மீட்டர். நம் புதிய பாம்பன் பாலத்தில் மேலே தூக்குகிற நடுப்பகுதி 72.5 மீட்டர், அதைப் போல ஐந்தை வரிசையாக வைத்தால் ஒரு கப்பல். 20 தளம், 7 நீச்சல் குளம், பனிச்சறுக்கு மைதானம், நிஜ மரம் செடி வைத்த பூங்கா. மொத்தக் கொள்ளளவு 2,48,663 டன் (இது எடை இல்லை, உள்ளிடத்தை அளக்கிற கப்பல்காரர் கணக்கு). டைட்டானிக் 46,000 சொச்சம்தான். அந்த ஐகானில் சில அறைகளின் பால்கனி கடல் பக்கமே இல்லை, உள்ளே பூங்காவைப் பார்த்து இருக்கிறது. டிக்கெட் காசு கப்பலை நிரப்பும், லாபம் பெருகுவது நீங்கள் உள்ளே செலவு செய்யும்போதுதான். அதனால் உங்கள் கண்ணும் காலும் உள்பக்கமே இருக்கும்படி கட்டியிருப்பார்கள். சிங்கப்பூரில் கிளம்பும் கப்பல்கள் இதைவிடச் சிறியவை, ஆனால் அச்சு அதேதான்.

கடலுக்காகப் போனவர் ஏமாந்து வருவார், மிதக்கிற ஓட்டலுக்காகப் போனவர் குளிர்ந்து வருவார். உங்கள் மச்சானும் அந்தச் சொந்தக்காரரும் எதை நினைத்துக்கொண்டு ஏறினார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

மீதிப் பாதி எந்தத் தேதியில் போனார்கள் என்பது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஒரு கப்பலில் எத்தனை பேர் கொள்ளும் என்பதற்கு இரண்டு கணக்கு சொல்வார்கள். அறைக்கு இரண்டு பேர் என்று போட்டால் ஒரு கணக்கு, சுவரிலிருந்து இறங்கும் மடக்குக் கட்டிலும் சோபாக் கட்டிலும் நிரம்பினால் இன்னொரு கணக்கு. ஐகானில் முதல் கணக்கு 5,610 பேர், இரண்டாவது சுமார் 7,600. அதே லிஃப்ட், அதே பஃபே, அதே குளம், ஆனால் 2,000 தலை கூடுதல். இந்தக் கூடுதல் தலைகள் வருவது பள்ளிக்கூட விடுமுறையில்தான். நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் முடியும் வரை சிங்கப்பூரில் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை. நீங்கள் நினைத்திருக்கும் டிசம்பரில் கப்பலே குழந்தைகள் பூங்காவாக இருக்கும். உங்கள் பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், வாப்பாவுக்கு எப்படி என்று யோசியுங்கள். மச்சான் ஒருவேளை செப்டம்பரில் போயிருப்பார், மற்றவர் கிறிஸ்துமஸ் வாரத்தில் போயிருப்பார்.

கூட்டம் எப்படி இருக்கும் என்று கேட்டால், ராமேசுவரத்தில் ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தக் கரையைப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் பயமில்லை. ஆனால் காசு கொடுத்து ஓய்வுக்கு வந்த இடத்தில் முட்டைக்காக வரிசையில் நிற்பது வேறு மாதிரி எரிச்சல். காலை 9 மணிக்கு பஃபேயில் உட்கார இடம் தேடித் தட்டோடு அலைவார்கள். ராத்திரி நாடகம் முடிந்ததும் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் லிஃப்டுக்கு வருவார்கள். குளத்தோரத்துச் சாய்வு நாற்காலியில் விடிகாலை 6 மணிக்கே துண்டு விரித்துவிட்டு அறைக்குத் திரும்பித் தூங்கப் போவார்கள். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது நம் ஊர்ப் பழக்கம் என்று நினைத்திருந்தேன், வெள்ளைக்காரர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். இதற்கெல்லாம் வழி ஒன்றுதான், ஊரோடு ஒத்து ஓடாமல் இருப்பது. காலைப் பசியாறுவதை 7 மணிக்கு முடியுங்கள். பஃபேயை விட்டு, கீழ்த்தளத்தில் மேசைக்கே கொண்டுவந்து பரிமாறும் சாப்பாட்டு அறைக்குப் போங்கள், அதுவும் டிக்கெட்டிலேயே சேர்த்திதான். எல்லோரும் கரைக்கு இறங்கிப்போன நேரத்தில் கப்பலில் இருந்தால் குளமே உங்களுடையது.

அடுத்தது அறை. இதில்தான் காசை எண்ணிப் போட வேண்டும். நான்கு வகை: ஜன்னல் இல்லாத உள்ளறை, திறக்க முடியாத ஜன்னல் உள்ள அறை, பால்கனி, அதற்கும் மேலே சூட் எனும் பெரிய சொகுசு அறை. சின்னப் பிள்ளைகளோடு நீங்கள் இருவரும் உள்ளறை எடுத்தாலும் பாதகமில்லை, தூங்க மட்டும்தான் போவீர்கள். வாப்பா உம்மாவுக்குப் பால்கனி எடுங்கள். கூட்டம் பிடிக்காமல் போனால் அவர்களுக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டும், கடல் காற்றும் வேண்டும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் இருந்தால் ஆட்டம் குறைவு. முன்னாலும் பின்னாலும் ஊஞ்சல் பலகையின் ஓரம் மாதிரி ஏறி இறங்கும். தண்ணீருக்கு அடியில் இரண்டு பக்கமும் நீளும் துடுப்புகள் கப்பல் பக்கவாட்டில் உருளுவதை அடக்கும். முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதை அவை அடக்காது. அப்புறம் மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கும் குளத்தடி அறை, விடிய விடிய டமடமவென்று அதிரும் நடன அரங்குக்கு மேல் அறை என்றால் அதைப் பற்றி எழுதுகிறவர் கப்பலையே திட்டித்தான் எழுதுவார். பாதிப் பேர் அறை எண்ணைத் தாங்களே தேர்ந்தெடுப்பதில்லை, விலை மலிவு என்று கம்பெனியே ஒதுக்கட்டும் என விட்டுவிடுகிறார்கள்.

ஆட்டத்தைப் பற்றி இன்னொன்று. நம் ஊரில் அலை அடங்கிய பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் அலை அடிக்கும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்கிறோம் இல்லையா? அங்கேயும் அப்படித்தான். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் பக்கம் போகும் கப்பல் மலாக்கா நீரிணை வழியாகப் போகிறது. சுமத்திரா மேற்கே மறைப்பதால் அது பெரும்பாலும் பெண் கடல். அதே டிசம்பரில் வியட்நாம் பக்கம் போகிற பயணம் என்றால் தென்சீனக் கடல். நம்மை விடாமல் அடிக்கும் அதே வாடைக்காற்று அங்கே முழு வேகத்தில் இருக்கும். கப்பல் அதுவே, சிப்பந்திகளும் அவர்களே, ஆனால் இரண்டு பயணத்தின் கதையும் ஒன்றாகவா இருக்கும்? டிசம்பர்தான் என்றால் நீரிணைப் பக்கமாகவே போங்கள். மாத்திரையைத் தலை சுற்றிய பிறகு போடக் கூடாது, முன்கூட்டியே போட வேண்டும். உள்ளூர் மருத்துவரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம். “எல்லாம் சேர்த்து” என்று விளம்பரத்தில் எழுதியிருக்கும், சேராதது நிறைய. சாதாரணச் சாப்பாடு, அறை, நாடகம், குளம், பிள்ளைகளுக்கான விளையாட்டு அறை ஆகியவை சேர்த்தி. தனி உணவகங்கள், பாட்டில் பானங்கள், இணையம், படம் எடுத்துத் தருவது, மசாஜ், கரைச் சுற்றுலா எல்லாம் தனி. கப்பலில் ரொக்கம் புழங்காது. அறைச் சாவி அட்டையையே எல்லா இடத்திலும் உரசுவீர்கள். காசு கையைவிட்டுப் போகிறது என்ற உணர்வே வராது, கடைசி நாள் காலையில் பில் வரும்போதுதான் வரும். புகார் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் எழுத உட்காருவது அந்த பில் வந்த பிறகுதான். தினமும் வரவேற்பு மேசையிலோ டிவியிலோ கணக்கைப் பார்த்துவிடுங்கள். டிப்ஸும் தானாகவே ஏறும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை பல கம்பெனிகள் போடுகின்றன, பிள்ளைகளுக்கும் சேர்த்து. 18 டாலர் என்று வைத்தால் ஆறு பேருக்கு 4 இரவுக்கு 432 டாலர், 35,000 ரூபாய்க்கு மேல். டிக்கெட் விலையை ஒப்பிடும்போதே இதையும் கூட்டிக்கொள்ளுங்கள். சில கப்பல்களில் வரவேற்பு மேசையில் சொல்லி அதை எடுத்துவிட முடியும். எடுக்காதீர்கள் என்று நான் சொன்னால் சுயநலம் போலத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். கான்ட்ராக்ட் 6 முதல் 9 மாதம், அதில் வாரவிடுமுறை கிடையாது. கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் என்கிற சர்வதேச விதியே 24 மணி நேரத்தில் 14 மணி நேரம் வரை வேலை வாங்க அனுமதிக்கிறது. என்னைப் போன்ற ஆட்களுக்குச் சம்பளத்தில் அந்த டிப்ஸ்தான் கனம்.

போனை ஏறியதுமே விமானப் பயன்முறையில் போடுங்கள். கரையை விட்டதும் கப்பலின் சொந்த அலைவரிசையில் போன் தானாக ஒட்டிக்கொள்ளும், அந்தக் கட்டணம் கேட்டால் மயக்கம் வரும்.

சாப்பாட்டைப் பற்றி உங்கள் வீட்டில் முதலில் கேட்கப்போவது ஹலாலா என்பதுதான். சிங்கப்பூரில் கிளம்பும் ‘ஜென்டிங் ட்ரீம்’ கப்பலில் ஹலால் சான்று பெற்ற சமையலறை இருக்கிறது. மற்றவற்றில் முன்பதிவின்போதே எழுத்தில் கேளுங்கள். “ஹலால் கிடைக்கும்” என்பதும் “ஹலால் சமையலறை தனி” என்பதும் ஒன்றில்லை. இந்தியச் சாப்பாடு என்று ஒரு வரிசை இருக்கும். குறை சொல்ல முடியாது, வாயில் ஒட்டவும் ஒட்டாது. எங்கள் சிப்பந்திகள் கீழே சாப்பிடுகிற மீன் குழம்பு அதைவிட எவ்வளவோ மேல். பயணிகள் சிலர் என்னிடம் ரகசியமாக ஊறுகாய் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் சமைத்ததைக் கொண்டு ஏற விடமாட்டார்கள். கடையில் ஒட்டிய பாக்கெட் என்றால் பொதுவாக விடுவார்கள், ஆக நம் ஊர் இனிப்பான தொதலை அப்படி வாங்கி வையுங்கள். மின்சாரக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி இரண்டும் கூடாது. கப்பலில் யாரும் எதைவிடவும் பயப்படுவது தீக்குத்தான்.

தொழுகைக்கு ஒரு சின்னச் சிக்கல் உண்டு. கப்பல் திரும்பத் திரும்பக் கிப்லாவும் (தொழும் திசை) மாறும், உள்ளறையில் திசையே தெரியாது. அறை டிவியில் கப்பல் எங்கே, எந்தப் பக்கம் முகம் வைத்துப் போகிறது என்று காட்டும் சேனல் இருக்கும். அதைப் பார்த்துக் கணித்துக்கொள்ளும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மது, சூதாட்ட அரங்கு இரண்டும் பெரும்பாலான பெரிய கப்பல்களில் உண்டு. சில கப்பல்களில் நாடக அரங்குக்குப் போகிற வழியே சூதாட்ட மேசைகளுக்கு நடுவில் போகும். வாப்பா முகம் சுளிப்பார் என்றால் தள வரைபடத்தை முதலில் பார்த்து வேறு படிக்கட்டைக் கண்டுபிடித்து வையுங்கள்.

கரையிறங்கும் ஊர்களில் பினாங்கைக் கட்டாயம் சேர்த்த பயணமாகப் பாருங்கள். அங்கே கப்பல் அணையும் துறை ஜார்ஜ் டவுனின் வாசலிலேயே இருக்கிறது. இறங்கி நடந்தே சூலியா தெருவுக்குப் போய்விடலாம். 1800-களின் தொடக்கத்தில் தமிழ்க் கரையிலிருந்து போன காதர் முகைதீன் என்ற கப்பித்தான் (சமூகத் தலைவர்) தலைமையில் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், அதற்கு அருகிலேயே நாகூர் ஆண்டவர் பேரில் ஒரு தர்கா, சோறும் குழம்பும் போடும் நாசி கண்டார் கடைகள். நம் மாவட்டத்துச் சபுராளிகள் (கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள்) தலைமுறை தலைமுறையாகப் போய்ச் சேர்ந்த ஊர் அது. கல்லாவில் இருப்பவர் நம் பேச்சைக் கேட்டதும் “எந்த ஊரு?” என்பார். கப்பலில் கிடைக்காதது அங்கே அரை நாளில் கிடைத்துவிடும். போர்ட் கிளாங் அப்படி இல்லை. கோலாலம்பூர் அங்கிருந்து சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல். போவது, வருவது, பயந்துகொண்டே மணி பார்ப்பது என்று நாள் ஓடிவிடும். புக்கெட்டில் பட்டோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டால் சிறு படகில் மாறி இறங்க வேண்டும். அலையில் படகும் மேடையும் ஒன்றை ஒன்று விட்டு ஏறி இறங்கும். முழங்கால் வலி உள்ள உம்மாவுக்கு அது வேண்டாம், அன்றைக்கு அவர்கள் கப்பலிலேயே இருக்கட்டும்.

தனியே போய்ப் பிந்தியவருக்காகக் கப்பல் நிற்காது. கம்பெனி நடத்தும் சுற்றுலாவில் போய்ப் பிந்தினால் காத்திருப்பார்கள், சொந்தமாக டாக்ஸி பிடித்துப் போனால் இல்லை. என் அறைக் குடும்பம் ஒன்று இப்படிப் பிந்தியது. கிளம்பும் நேரம் வந்ததும் மேலதிகாரி ஒருவரோடு நான் அவர்கள் அறைக்குப் போனேன். பெட்டகத்திலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துத் துறைமுக முகவரிடம் கொடுத்துவிட்டு நங்கூரம் தூக்கிவிட்டார்கள். கரையில் அந்த அப்பா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது மேலிருந்து தெரிந்தது. தாய்லாந்தில் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் தன் கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலேயே வைத்திருந்தால், தானாக மாறிக்கொண்ட உங்கள் போன் 4 மணி என்று காட்டும்போது கப்பலில் 5. கையில் பழைய முள் கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள்.

விசாவில் ஒரு விஷயம். சிங்கப்பூருக்கு விமானத்தில் ஒருமுறை நுழைகிறீர்கள், கப்பலில் திரும்பும்போது இன்னொரு முறை. பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவா என்று பாருங்கள். கப்பல் தொடும் மற்ற நாடுகளின் விதியையும் கிளம்புகிற மாதத்தில் சரிபாருங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும். வாப்பாவின் மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டி அறைக்கு வந்துசேரச் சாயங்காலம் ஆகலாம். கப்பலில் மருத்துவர் உண்டு, கட்டணமும் நன்றாகவே உண்டு, அதனால் காப்பீடு எடுக்கும்போது கப்பல் பயணமும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். வீட்டில் யாராவது மாசமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பயணம் முடிவதற்குள் 24 வாரம் தொட்டுவிடும் என்றால் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்றுவதில்லை.

பயம் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் உம்மா கேட்பார். 2012 ஜனவரியில் இத்தாலியில் ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றைக்கு ஏறிய பல நூறு பேருக்கு அபாயப் பயிற்சி இன்னும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு, கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி முடிந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. ஏழு குறுஞ்சத்தமும் ஒரு நெடுஞ்சத்தமும் கேட்டால் எங்கே போய்க் கூட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். பலர் அந்த நேரத்தில் பஃபேயில் இருப்பார்கள், நீங்கள் போய் அந்த இடத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோகாமாவில் நிறுத்தி வைத்த ‘டைமண்ட் பிரின்சஸ்’ கப்பலில் 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. கூட்டம் அடைபட்ட இடத்தில் நோய் எப்படி ஓடும் என்பதற்கு அது சாட்சி. சாதாரண நாளில் தொல்லை கொடுப்பது நோரோ வைரஸ், வாந்தியும் பேதியும். வாசலில் வைத்திருக்கும் கைத்திரவம் அதற்கு அவ்வளவாக வேலைக்காகாது, சோப்பும் தண்ணீரும்தான். சாப்பிடும் முன் கை கழுவுவது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பஃபேயில் ஆயிரம் பேர் தொட்ட கரண்டியைப் பிடித்துவிட்டு வந்து அதே கையால் சாப்பிடாமல், நடுவில் இன்னொருமுறை கழுவுங்கள்.

கடைசி நாளுக்கும் மனசைத் தயாராக வையுங்கள். முந்தின ராத்திரியே பெட்டியை வெளியே வைக்கச் சொல்வார்கள், காலை 8 மணி சுமாருக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். நேற்று வரை பேர் சொல்லி வணக்கம் வைத்தவர்கள் திடீரென்று விரட்டுவது போல இருக்கும். மூவாயிரம் பேர் இறங்கி, கப்பலைக் கழுவி, மதியத்துக்குள் அடுத்த மூவாயிரம் பேர் ஏற வேண்டும். அந்த ஒரு நாளில் என் 18 அறையையும் நான் எப்படி முடித்தேன் என்று எனக்கே தெரியாது, என் இடுப்புக்குத் தெரியும்.

“இவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம ஊருக்கே ஒரு கப்பல் வராதா?” என்று வாப்பா கேட்டால், வராது. ராமர் பாலத் திட்டுகளின் மேல் பல இடங்களில் தண்ணீர் ஓரிரு மீட்டர்தான். இந்தப் பெரிய கப்பல்களின் அடிப்பகுதியே எட்டு ஒன்பது மீட்டர் தண்ணீருக்குள் இருக்கும். மும்பையிலிருந்து சென்னை போகிற கப்பலே இலங்கையைச் சுற்றித்தான் போகிறது. ராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு 1980-களின் தொடக்கம் வரை ஸ்டீமர் ஓடியதைப் பெரியவர்கள் சொல்வார்கள். அதில் தலையணையும் கட்டுச்சோறுமாகப் போனவர்கள் யாரும் குறை எழுதி வைக்கவில்லை, அவர்களுக்கு அக்கரை போய்ச் சேர்ந்தால் போதும். இப்போது கிட்டத்தில் பார்த்தால் இரண்டு வழி. சென்னையிலிருந்து 2023 ஜூனில் கார்டிலியா கம்பெனியின் ‘எம்ப்ரஸ்’ இலங்கைப் பக்கம் போக ஆரம்பித்தது. 1990-இல் கட்டிய, 48,563 டன் கப்பல். சீசனைப் பொறுத்து ஊர் மாறும், தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, கொச்சியிலிருந்து லட்சத்தீவு அரசுக் கப்பலில் போகும் ஐந்து நாள் ‘சமுத்ரம்’ பயணம். ராத்திரி கப்பலில், பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளில். அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், நடுக்கடலில் சிறு படகுக்கு மாற வேண்டும், மழைக்காலத்தில் கிடையாது. நாடகம், சறுக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் கடல் இருக்கும். என் அப்பாவை நான் அங்கேதான் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது: பிள்ளைகள் குதிக்க வேண்டும், மனைவிக்கும் உம்மாவுக்கும் அடுப்படியிலிருந்து விடுதலை வேண்டும் என்றால் பெரிய கப்பலே போங்கள், 4 இரவு சரியான அளவு. அதற்கு மேல் போனால் திரும்பத் திரும்ப ஒரே கடைத்தெருவைச் சுற்றுவீர்கள். முடிந்தால் டிசம்பரை விட்டு ஜனவரி கடைசிக்குத் தள்ளுங்கள், துபாயில் லீவு கிடைக்குமா என்று பாருங்கள். வாப்பா ஒருவர்தான் கவலை. பெரும்பாலான கப்பல்களில் உயிர்ப்படகுகள் தொங்கும் தளத்தில், பக்கவாட்டில் ஒரு நடைபாதை இருக்கும். அங்கே பாட்டு இல்லை, கடை இல்லை, விளம்பரத்தில் படமும் இல்லை. ராத்திரி 10 மணிக்கு மேல் ஆளே இருக்காது. கப்பல் கிழித்துப் போடும் நுரை பக்கத்திலேயே தெரியும், உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். என் அப்பா மிச்ச இரண்டு ராத்திரியும் அங்கேதான் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்.

பணம் கட்டும் முன் கப்பல் பெயரையும் அவர்கள் ஒதுக்கும் அறை எண்ணையும் அனுப்புங்கள் தம்பி. தலைக்கு மேலே குளமா, காலுக்குக் கீழே நடன அரங்கா என்று பார்த்துச் சொல்கிறேன்.